ஜாடை பார்த்துப் பிரித்த குட்டிகள்

பெட்டிக்குள் கையை விட்டதுமே வீரணனுக்கு விளங்கிவிட்டது. தாய்முயல் தன் வயிற்று மயிரைப் பிய்த்து மெத்தைபோலத்தான் போட்டு வைத்திருந்தது. மெத்தைக்குள் சூடு இல்லை. குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின்மேல் வைத்தான். விறைத்ததையெல்லாம் எடுத்து முடித்தபின் ஒன்றே ஒன்று விரல் பட்டு நெளிந்தது. அதற்கும் கீழ்த்தாடை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. காம்பைக் கவ்வ வாய் கூடாது. சாயங்காலம்வரை தாங்காது.

அடுப்படியிலிருந்து பவளக்கொடி எத்தனை என்று கேட்டாள். ஒன்று தேறும் என்றான். அவள் மேலே கேட்கவில்லை. பொய் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிடும் என்பது இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா.

அந்த முயல்கள்தான் அவளுக்கு உயிர். அவளுக்கு வந்திருந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் நீளமாக ஒரு பேர் உண்டு. சிறுமலையில் அதைக் கால்சாவு என்றார்கள். முதலில் பாதம் மரக்கும். பிறகு முழங்கால், இடுப்பு என்று மேலே ஏறி, கடைசியில் மூச்சுக்கு வந்து நிற்கும். உடம்பில் ஊற வேண்டிய ஒரு சத்து ஊறாமல் போவதால் வருவது. அதை வெளியிலிருந்து கொடுத்தால் எழுந்து நடமாடலாம். ஆனால் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு மருந்து அதற்குச் செய்ய முடியாது. அவளுக்குள்ளது அவளுக்கு மட்டும்தான். ஆகவே மலையடிவாரத்து மருந்து நிலையத்தில் அவள் ரத்தத்திலிருந்து எடுத்த விதையை முயலுக்குள் ஏற்றி, அந்த முயலின் சந்ததியை வீட்டிலேயே வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு முயலின் காது நரம்பிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, நிலையத்தார் கொடுத்த பெட்டிக்குள் ஊற்றினால், மறுமுனையில் ஒரு குப்பி மருந்து வடியும். வடிபெட்டி என்று ஊரார் அதற்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். எந்த முயலும் சில மாதம்தான் தாங்கும். அப்புறம் தீனி இறங்காமல் சோர்ந்து செத்துப்போகும். அதற்குள் அடுத்தது வளர்ந்து நிற்க வேண்டும்.

இதில் மீறக்கூடாத விதி ஒன்று இருந்தது. கூடப்பிறந்ததைக் கூடப்பிறந்ததோடுதான் சேர்க்க வேண்டும். முயல்களைக் கொண்டுவந்து கொடுத்த அன்று நிலையத்து டாக்டர் ரோஸ்லின் இதைச் சொன்னபோது பவளக்கொடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீரணனுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. மலைவாழைத் தார் சுமந்து லாரியில் ஏற்றுகிற ஆள் அவன். ஆடு மாடு வளர்த்தவன். ஆட்டில்கூட நாலு ஈத்துக்கு ஒருதரம் வெளிக்கிடா தேடிப் போவார்கள்.

டாக்டர் வயதில் சின்னவள். அவனை அண்ணே என்பாள். "எல்லா முயலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கணும்ண்ணே. அப்பத்தான் உங்க சம்சாரத்தோட உடம்பு அதைத் தன்னோடதுன்னு நினைச்சு ஏத்துக்கும். வெளிச்சரக்கு கொஞ்சம் கலந்தாலும் கண்டுபிடிச்சுரும்" என்றாள்.

அப்படியே நாலைந்து தலைமுறை ஓடிற்று. அச்சு ஒன்றாக ஆக ஆக, குட்டிகள் சுருங்கிக்கொண்டே வந்தன. பல் கோணியது, கண் திறக்காதது, தாயே மிதித்துப் போட்டது. இந்த ஈத்தில் ஒன்றும் தேறவில்லை.

அந்த மாதம் ஜீப்பில் வந்த டாக்டர் கூண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்னும் இரண்டு ஈத்து வரலாம், மூன்று வந்தால் நம் நல்ல நேரம் என்றாள். புதிதாக ஒரு வரிசை செய்து தர முடியாதா என்று வீரணன் கேட்டான். ஒரு ஆளுக்கு ஒருதரம்தான், அப்படியே கிடைத்தாலும் முதல் மருந்து வடிய இரண்டு வருஷம் ஆகும் என்றாள். அதுவரை பவளக்கொடி இருக்கமாட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை.

வீரணன் கூண்டுக்கம்பியைப் பிடித்தபடி கேட்டான். "எதிர்த்த வீட்டு மொக்கச்சாமி மச்சான் வீட்டுலயும் இதே முயல்தான நிக்குது. அவர் மக மீனாவுக்கு. அது என் சம்சாரத்தோட அண்ணன் மகதான். ஒரே ரத்தந்தான. ரெண்டையும் சேத்தா என்னம்மா?"

"குட்டி நல்லா வரும்ண்ணே. கொழுகொழுன்னு வரும். ஆனா ரெண்டு பேரோட விதையும் ஒரே குட்டிக்குள்ள இருக்கும். ஒண்ணு முழிச்சிருக்கும், ஒண்ணு தூங்கும். எது முழிச்சிருக்குன்னு இந்தப் பெட்டிக்குத் தெரியாது. அத்தையோடதை மருமகளுக்குப் போட்டீங்கன்னா தொண்டை வீங்கி மூச்சு அடைச்சுரும். அந்த நினைப்பே வேணாம்."

அவ்வளவும் கேட்டான். ஆனால் டாக்டர் போனபிறகு அவன் மனதில் நின்றது, குட்டி நல்லா வரும் என்ற ஒரு சொல்தான்.

மொக்கச்சாமி வீட்டு வாசலுக்குப் போவது லேசான காரியம் இல்லை. வீரணனின் மகன் சேதுவுக்கு மீனாதான் என்று அவர்கள் பிறந்ததிலிருந்தே பேச்சு. மாமன் மகள், உரிமைப்பட்ட பெண். பவளக்கொடிக்குக் கால்சாவு என்று தெரிந்ததும் பெரியாஸ்பத்திரியில், இது இவர்கள் குடும்ப ரத்தத்தில் ஓடுவது, சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைகளுக்கும் வரும் என்று சொல்லிவிட்டார்கள். வீரணன் வந்து ஒரே பேச்சில் சம்பந்தத்தை முறித்தான். சேது திருப்பூரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். மறுவருஷம் மீனாவுக்கும் பாதம் மரத்தது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்து, ஆறு மாதிரி ஆகிவிட்டது.

மொக்கச்சாமி கட்டிலில் உட்கார்ந்து முள்முருங்கைத் தழை உருவிக்கொண்டிருந்தார். வீரணன் வந்த விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"எம்பொண்ணை வேணாம்னுட்டு, இப்ப எங்க வீட்டு முயலைப் பொண்ணு கேட்டு வந்திருக்கீகளாக்கும், மாப்ள" என்றார். "மனுசனுக்குச் சொந்தத்துல கூடாது. முயலுக்குச் சொந்தத்துலதான் செய்யணும். நல்லாத்தான் படிச்சு வச்சிருக்காக ஒங்க டாக்டருக."

எங்கள் கூண்டில் ஒன்றுக்கும் குறைச்சல் இல்லை, போய் வாருங்கள் என்றார். அப்போது மீனா பின்கட்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மாமா, இங்கிட்டு வந்து பாருங்க" என்றாள். பின்கட்டில் வரிசையாகக் கூண்டுகள். பாதிக்குமேல் காலி. மொக்கச்சாமி தழையை உருவுவதை நிறுத்தினார். அதற்குமேல் பேச்சு முறுக்கிக்கொண்டு நிற்கவில்லை.

ஆனாலும் ஒன்றில் மட்டும் மொக்கச்சாமி பிடிகொடுக்கவில்லை. பெட்டையைக் கிடா இருக்கும் கூண்டுக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்பது முயல் வளர்க்கிற எல்லாருக்கும் தெரியும். தன் கூண்டுக்குள் வேறொன்று வந்தால் பெட்டை பொறுக்காது. சேர்க்கத் தோதாக நின்றது அவர் வீட்டில் பெட்டை, இவன் வீட்டில் கிடா. "எங்க பொண்ணு ஒங்க வாசலை மிதிக்காது. வேணுமின்னா மாப்பிள்ளையத் தூக்கிட்டு வாங்க" என்றுவிட்டார். வீரணன் கிடாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனான். உள்ளே விட்ட மாத்திரத்தில் பெட்டை பாய்ந்து அதன் காதைக் கிழித்தது. மறுநாளும் அதே கதை. வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனால் அந்தப் பாடுதான் என்று பவளக்கொடி இங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். சந்துக்கு அப்பாலிருந்து மொக்கச்சாமி இருமினார். சிரிப்பை அடக்குகிற இருமல்.

மூன்றாம் நாள் மீனா தானே வந்தாள். கூடையில் பெட்டையை வைத்துத் துண்டால் மூடி, கால் எடுத்து வைப்பதற்கு ஒவ்வொரு முறையும் நின்று நின்று சந்தைக் கடந்தாள். "மாமா, ஒங்க வீட்டுக்குப் பொண்ணு வந்திருக்கு. எடுத்துக்கங்க" என்று கூடையை நீட்டினாள். குத்திக் காட்டுகிற தொனியே அதில் இல்லை. அதனால்தான் வீரணனுக்குத் தலை நிமிரவில்லை.

பெட்டை சினையாகி ஈன்றது. எட்டுக் குட்டி, எட்டும் உயிரோடு. கண் திறந்து அவை கூண்டுக்குள் ஓடிப் பிடித்து விளையாடியபோது இரண்டு வீட்டாரும் ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள்.

பிரிப்பது எப்படி என்று கேள்வி வந்தது. ஆட்டை வாரத்துக்கு விட்டால் குட்டியைப் பாதிப் பாதி பிரிப்பதுபோல நாலு நாலு என்பது சரி. எந்த நாலு? டாக்டர் சொன்னதை வீரணன் சொன்னான். முழித்திருக்கிற விதை எது என்று வெளியே தெரியாதாம். "தெரியாம என்ன" என்றார் மொக்கச்சாமி. எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் தொட்டிலைச் சுற்றி நின்று, இது அப்பன் மூக்கு, இது தாய்மாமன் நெற்றி என்று பிரித்துச் சொல்கிற ஊர் அது. குழந்தைக்கு ஒரு வாரம் ஆவதற்குள் அது யார் வீட்டுப் பிள்ளை என்று முடிவாகிவிடும். அப்படிப் பார்க்கிற கண்ணுக்கு முயல் மட்டும் என்ன தப்பவா போகிறது?

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்கள். விரலை நீட்டியதும் வெடுக்கென்று கடித்தது ஒன்று. "இது அத்தைக்காரிதான், சந்தேகமே இல்ல" என்று மொக்கச்சாமி அதை வீரணன் பக்கம் வைத்தார். காதை மடக்கிக்கொண்டு மூலையில் ஒண்டியது மீனாவுக்கு. நெற்றி அகலமாக இருந்தது பவளக்கொடிக்கு. அடம் பிடித்துக் கத்தியது யாருக்கு என்பதில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பழைய கணக்கெல்லாம் கிளம்பி, சின்ன வயதில் கருப்பட்டிக்கு யார் அடம் பிடித்தது என்பதுவரை போயிற்று. பல மாதத்துக்குப் பின் பவளக்கொடி கண்ணில் நீர் வரச் சிரித்தது அன்றைக்குத்தான். வீரணனும் சிரித்தான். உள்ளே டாக்டர் சொன்ன தொண்டை வீக்கம் நிரடிக்கொண்டேதான் இருந்தது. இவ்வளவு சந்தோஷத்தை நிறுத்தி அதை எடுத்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கடித்த குட்டி வளர்ந்து, அதன் மருந்து பவளக்கொடிக்கு ஒத்துக்கொண்டது. ஒண்டிய குட்டியின் மருந்து மீனாவுக்கு ஒத்துக்கொண்டது. பார்த்தீர்களா என்று மொக்கச்சாமி மீசையைத் தடவினார். அடுத்த முயலுக்கு மாறிய அன்று, ஊசி போட்டு அடுப்பில் உலை பொங்குவதற்குள் மீனாவின் உதடு தடித்தது. கழுத்து புடைத்தது. அலறக்கூட மூச்சு இல்லாமல் அவள் தரையை அறைந்த சத்தம் கேட்டுத்தான் வீரணன் ஓடினான். ஆபத்துக்கென்று நிலையத்தார் ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருந்த மறுமருந்தை மொக்கச்சாமி அவள் தொடையில் குத்தினார். கொஞ்சம் பிந்தியிருந்தால் அவ்வளவுதான்.

வீரணன் மலையிறங்கி நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். ஜாடை பார்த்துப் பிரித்தோம் என்று அவன் சொன்னபோது டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை.

"நான் மேலே எழுதினா ரெண்டு வீட்டுப் பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருவாங்க. எழுதாட்டி..." என்று இழுத்தாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். "ஒரு வழி இருக்குண்ணே. வழின்னு சொல்ல எனக்கே மனசில்ல. புது முயலோட மருந்துல ஒரு சொட்டை யாராவது ஒருத்தர் முன்கைத் தோல்ல குத்திப் பாக்கணும். தடிச்சா அவங்களுக்குள்ளது இல்ல, மத்தவங்களுக்கு. தடிக்கலன்னா அவங்களுக்கு."

"இம்புட்டுத்தானாம்மா?"

"இவ்வளவுதான்னா நான் அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டேனா? ஒவ்வொரு தடவை தடிக்கும்போதும் உடம்பு பகையைக் கத்துக்குது. கத்துக்கிட்டே போயி ஒருநாள் எல்லாமே பகைன்னு ஆயிரும். அப்புறம் தன்னோடதே வந்தாலும் தள்ளிவிட்டுரும். அதுக்கு மேல என்கிட்ட மருந்து இல்லை."

இதை அவன் ஒளிக்கவில்லை. இரண்டு வீட்டாரையும் உட்கார வைத்துச் சொன்னான். தானே எப்போதும் கையை நீட்டுவதாகப் பவளக்கொடி சொன்னாள். மீனா ஒப்பவில்லை. ஒருதரம் அத்தை, ஒருதரம் நான், இல்லையென்றால் எனக்கு முயலே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். மொக்கச்சாமி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். தங்கையா, மகளா என்று யார் அவரிடம் கேட்க முடியும்.

அப்படியே நடந்தது. பிரித்த குட்டிகள் மறுபடி வீரணன் வீட்டுக் கூண்டுகளுக்கே வந்தன. புது முயல் பருவத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் கையை நீட்டினார்கள். சில நேரம் தோல் அப்படியே இருக்கும். சில நேரம் பூச்சி கடித்ததுபோல் தடிக்கும். போகப்போகத் தடிப்பு ரூபாய்க்காசு அளவில் சிவந்தது. பவளக்கொடி அரிப்புத் தாங்காமல் கையைச் சுவரில் தேய்ப்பதை வீரணன் பார்த்தான். அன்றிலிருந்து அவன் ஒரு காரியம் செய்யத் தொடங்கினான்.

கலப்புக்குட்டிகள் வந்தபிறகும் பழைய ஜோடியை அவன் விட்டுவிடவில்லை. அண்ணனும் தங்கையுமாக அவை இன்னும் இரண்டு முறை ஈன்றதில் மூன்று குட்டி பிழைத்துக்கொண்டன. கலப்பே இல்லாத, பவளக்கொடிக்கென்றே பிறந்த முயல்கள். அவற்றைக் கலப்புக் கூண்டுகளின் நடுவே வளர்த்தான். கூண்டு வேலை முழுக்க அவன் பொறுப்பு என்பதால் யாருக்கும் தெரியாது. பவளக்கொடியின் முறை வரும்போது அந்த மூன்றில் ஒன்றின் மருந்தை எடுத்து வைத்தான். தோல் தடிக்கவில்லை. அந்த முறை அவள் தப்பினாள். மீனாவின் முறைக்கு மட்டும் உண்மையான புதுமுயல் வந்தது. மீனாவின் கை வாரக்கணக்கில் சிவந்து கிடந்ததை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சோறு தின்றான், லாரியில் தார் ஏற்றினான். அவள் சின்னப் பெண், தாங்குவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒருகாலத்தில் மருமகளாக வரவேண்டியவள் என்பதையும் நினைக்காமல் இல்லை. நினைத்தும் செய்தான்.

மூன்றில் கடைசி முயலின் மருந்தை வடித்த அன்று இரண்டு வீட்டாரும் வழக்கம்போல இவன் வீட்டில் கூடியிருந்தார்கள். பவளக்கொடியின் முறை. அவள் கையை நீட்டினாள். வீரணன் ஒரு சொட்டைக் குத்தினான். மொக்கச்சாமி எப்போதும்போல மழை வருமா என்று பேசிக்கொண்டிருந்தார். வீரணனுக்கு மனதில் பாரமில்லை. இது அவளுக்குள்ளதுதான், ஒன்றும் ஆகாது.

தோல் சிவந்தது. சிவந்த இடம் மேடாயிற்று. மேடு விரிந்து முழங்கை மடிப்புவரை போயிற்று.

"இது எனக்கில்லடி, ஒனக்குத்தான்" என்று பவளக்கொடி குப்பியை எடுத்து மீனாவிடம் கொடுத்தாள். மீனா அதை முந்தானையில் முடிந்துகொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள்.

வீரணன் நகரவில்லை. வாயைத் திறந்தால் தான் செய்தது வெளியே வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பின்னால் இன்னொன்று வரும். வாயை மூடிக்கொண்டால், சந்தைத் தாண்டிப் போய் மீனா ஊசி போட்டுக்கொள்வாள். அவள் வாசலுக்குப் போய்விட்டாள். படியிறங்க ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள்.

"மீனா, அதைக் குடுத்துட்டுப் போ" என்றான்.

ஏன் மாமா என்றாள்.

"அது ஒனக்குள்ளது இல்ல. எங்க பழைய ஜோடி போட்ட குட்டியோடது. கலப்பு இல்லாதது." குரல் இறங்கவில்லை. "ஒங்க அத்தை முறைக்கெல்லாம் நான் அதைத்தான் எடுத்து வச்சேன்."

மொக்கச்சாமி கட்டிலிலிருந்து எழுந்தார். அடிக்க வருகிறார் என்றே வீரணன் நினைத்தான். வந்தால் வாங்கிக்கொள்வது என்றும் இருந்தான். அவர் தன் மகளின் கையைத்தான் பார்த்தார். அப்புறம் தங்கையின் கையைப் பார்த்தார். அவளுக்கென்றே பிறந்த முயலின் மருந்து அவள் தோலில் மேடிட்டுக் கிடந்தது. முன்பு தடித்தபோதெல்லாம் கற்ற பகை முற்றி, இனி தன்னுடையதையே அவள் உடம்பு தள்ளும் என்பது அந்த வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

மீனா திரும்பி வந்து குப்பியை அத்தையின் மடியில் வைத்தாள். அவள் கை அத்தையின் முழங்கால்மேலேயே இருந்தது. யாரும் யாரையும் வையவில்லை. வைதிருந்தால் வீரணனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பவளக்கொடி அண்ணனைக் கேட்டாள். "ஒன் பழைய ஜோடி இன்னும் இருக்காண்ணே?"

"இருக்கு. அண்ணனும் தங்கச்சியுமா ஒண்ணு."

"அதையே சேத்து வளத்து விடு. ஈத்துக்கு ஒண்ணு நின்னாலும் போதும், ஒரு ஆளுக்குத்தான. எங்க கூண்டு எல்லாத்தையும் எடுத்துக்க. இனிமே அவ கையில ஒரு சொட்டுக்கூடக் குத்தக் கூடாது." பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இல்லை. "நீங்கதான் செமக்கணும். அண்ணனால முடியாது" என்றாள்.

மறுநாள் வீரணன் வாழைத்தாருக்குப் போகவில்லை. ஒவ்வொரு கூண்டாகத் தலையில் ஏற்றிச் சந்தைக் கடந்து வைத்துவிட்டு வந்தான். வடிபெட்டியை மட்டும் நிலையத்தார் வந்து எடுத்துப்போவார்கள் என்று விட்டுவைத்தான். கடைசிக் கூண்டையும் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பியபோது, பவளக்கொடி மரத்த காலை இழுத்துக்கொண்டு, கூண்டுகள் இருந்த இடத்தைக் கூட்டி முடித்திருந்தாள். பின்சுவர் ஜன்னல் இத்தனை நாள் அவற்றின் பின்னால் மறைந்து கிடந்திருக்கிறது. வெயில் உள்ளே விழுந்து தரையில் நீளமாகக் கிடந்தது.

அவள் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அந்த வெயிலில் உட்கார்ந்தாள். அவனையும் வந்து உட்காரச் சொன்னாள்.

"இங்கன இம்புட்டு வெளிச்சம் வரும்னு தெரியாமப் போச்சு, பாருங்க" என்றாள்.